கிறீச்சிடும் பியானோக் கட்டை: சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

கதவு கிறீச்சிட்டால் கீலில் ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், ஊஞ்சல் முனகினால் கொக்கியில் ரெண்டு சொட்டு. நம் வீடுகளில் சத்தத்துக்கு இதுதான் வைத்தியம். எங்கள் வீட்டுப் பியானோவில் நடு சி கட்டை கிறீச்சிட ஆரம்பித்தபோது என் புத்தியும் அந்தப் பக்கம்தான் போனது. தேங்காய் எண்ணெய் இல்லை, நான் விவரமானவன் ஆயிற்றே! ஹார்டுவேர் கடையில் விற்கும் துரு நீக்கி ஸ்பிரே. சிவப்புக் குழாயைக் கட்டைகளுக்கு நடுவே விட்டு ஓர் அழுத்து. சத்தம் அந்த நிமிடமே நின்றது. மூன்றாவது வாரம் அந்தக் கட்டையும் இரண்டு பக்கத்துக் கட்டைகளும் அழுத்தினால் மேலே வராமல் படுத்துக்கொண்டன.

பியானோவுக்குச் சுருதி சேர்க்க வரும் ட்யூனர் பெரியவர் கட்டையைக் கழற்றி மோந்து பார்த்தார். “எண்ணெய் விட்டீங்களா தம்பி?” என்றார். தலையாட்டினேன். “சரி, விட்டது விட்டாச்சு. அதுக்கு முன்னாடி சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேட்டுப் பாத்தீங்களா?”

கேட்கவில்லை. அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததும், அதன் பிறகு சில வருடங்களாக என் பியானோவிலும் நண்பர்கள் வீட்டுப் பியானோக்களிலும் கைவைத்துத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே எழுதியிருப்பது. வீடுகளில் அதிகம் இருக்கும் நிமிர்ந்த பியானோவை மனதில் வைத்தே எழுதுகிறேன். படுக்கை வாக்கிலான கிராண்ட் பியானோ பற்றிக் கடைசியில் நாலு வரி.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கீ என்று சொல்லாமல் கட்டை என்கிறேன். ஆர்மோனியத்தில் எண்ணி எண்ணித்தானே நம் பாடகர்களுக்கு “ஒரு கட்டை”, “அஞ்சரைக் கட்டை” எல்லாம் வந்தது, அந்தச் சொல் இங்கேயும் பொருந்தும். அப்புறம், கட்டையைத் தாங்கி நிற்கும் உலோகப் பின்னை முளை என்றே எழுதப்போகிறேன். ‘முன் பின்’, ‘நடுப் பின்’ என்று எழுதினால் முன்னா பின்னா என்று எனக்கே குழம்புகிறது.

முதலில், சத்தம் பியானோவிலிருந்துதான் வருகிறதா?

சிரிக்காதீர்கள். கிறீச் என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் இரண்டில் குற்றவாளி உட்காரும் பெஞ்ச். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெஞ்சாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். வாசிப்பவர் தாழ்ந்த ஸ்வரங்கள் பக்கம் சாயும்போது மட்டும் சத்தம் வரும், பார்ப்பவருக்குக் கட்டையே கத்துவது போலத் தோன்றும். பெஞ்சைத் தள்ளிவிட்டு நின்றபடி அதே கட்டையை அழுத்துங்கள். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வளையல், கைக்கடிகாரம் இருந்தால் கழற்றுங்கள். பியானோ மேல் இருக்கும் போட்டோ ஃபிரேமையும் மெட்ரோனோமையும் இறக்கி வையுங்கள். அதற்குப் பிறகும் சத்தம் இருந்தால் உள்ளே போகலாம்.

திறப்பது

மேல்மூடியைத் தூக்கினால் முன்பலகையை இரு பக்கமும் பிடித்திருக்கும் மரத் தாழ்ப்பாளோ உலோகக் கொக்கியோ தெரியும். அதைத் திருப்பிவிட்டுப் பலகையை மேலே தூக்கி எடுங்கள். கனமாக இருக்கும், ஒருவர் கூட இருந்தால் நல்லது. கட்டைகளை மூடும் பலகை சில பியானோக்களில் சும்மா தூக்கினாலே வரும், சிலவற்றில் நாலைந்து ஸ்க்ரூ. கீழ்ப்பலகை, அதாவது முழங்காலுக்கு எதிரே இருப்பது, மேலே ஒரு ஸ்பிரிங் தகட்டில் நிற்கும். தகட்டை மேல்நோக்கி அழுத்தினால் பலகை முன்னால் சாய்ந்து வந்துவிடும்.

ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களை முட்டை அட்டையில் குழி குழியாகப் போட்டுவைப்பது என் வழக்கம்.

பத்து மில்லிமீட்டரும் ஒரு காதும்

பியானோக் கட்டை கீழே இறங்கும் தூரம் சுமார் 10 மில்லிமீட்டர். அந்தப் பத்துக்குள் வரிசையாகப் பல காரியங்கள் நடக்கின்றன. முதலில் கட்டை தன் நடுமுளை மேல் சாய்ந்தாடிப் பின்முனையைத் தூக்குகிறது. பின்முனையில் இருக்கும் கேப்ஸ்டன் என்ற சின்ன உலோகக் குமிழ், மேலே இருக்கும் விப்பன் என்ற நெம்புகோலைத் தூக்குகிறது. விப்பனில் நிற்கும் ஜாக் என்ற உறுப்பு சுத்தியலின் அடிப்பகுதியைத் தள்ள, சுத்தியல் கம்பியை நோக்கிக் கிளம்புகிறது. சுத்தியல் பாதி தூரம் போனதும் விப்பனின் பின்னால் இருக்கும் சின்னக் கரண்டி ஒன்று டேம்பரை, அதாவது கம்பியைத் தொட்டு ஒலியை அடக்கி வைக்கும் உறுப்பை, கம்பியிலிருந்து விலக்குகிறது. கம்பியை எட்ட 3 மில்லிமீட்டர் அளவு இருக்கும்போது ஜாக் சுத்தியலின் அடியிலிருந்து வழுக்கி வெளியேறுகிறது. மிச்சமிருக்கும் அந்தச் சின்னத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே போய் அடித்துவிட்டுத் திரும்புகிறது.

ஆகவே கிறீச் என்ற சத்தம் அந்தப் பத்து மில்லிமீட்டரில் எந்த இடத்தில் வருகிறதோ, அப்போது உரசிக்கொண்டிருக்கும் உறுப்புதான் குற்றவாளி. கட்டையை மிக மிக மெதுவாக, நாலைந்து விநாடி எடுத்துக்கொண்டு அழுத்துங்கள். இப்படி அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தொடாது, ஸ்வரம் வராது, உரசல் மட்டும் கேட்கும். பிறகு அதே மெதுவில் விடுங்கள். கூட ஒருவர் இருந்தால் அவரை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே காதை வைக்கலாம். ஒரு பழைய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை உள்ளே அங்கங்கே நகர்த்தினால் டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்த மாதிரி இடம் துல்லியமாகத் தெரியும்.

இன்னொரு சோதனை இதைவிட நம்பகமானது. உறுப்புகளைத் தனித்தனியாக அசைத்துப் பாருங்கள். சுத்தியலின் தண்டை விரலால் பிடித்துக் கம்பிப் பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். கட்டையைத் தொட வேண்டாம். கத்தினால் சுத்தியலின் அச்சாணி அல்லது ஸ்பிரிங். கத்தாவிட்டால் விப்பனை அடியிலிருந்து விரலால் தூக்குங்கள், கட்டை அசையாமல் கிடக்கட்டும். அதிலும் சத்தம் இல்லையென்றால் கோளாறு கட்டையிலோ, கேப்ஸ்டன் உரசும் இடத்திலோ இருக்கிறது. எண்ணெய்ப் புட்டியைத் தேடும் நேரத்தில் இதைச் செய்து முடித்துவிடலாம்.

அழுத்தத் தொடங்கியதுமே சத்தம், கட்டைக்கு அடியிலிருந்து

பாதிக்கு மேல் இதுதான். வீட்டிலேயே சரிசெய்யவும் முடியும்.

ஒவ்வொரு கட்டையும் இரண்டு முளைகளில் நிற்கிறது. நடுவில் உருண்டை முளை, முன்னால் நீள்வட்ட முளை. கட்டையில் முளை நுழையும் துளைகளின் பக்கச் சுவர்களில் கம்பளி ஃபெல்ட் ஒட்டியிருக்கும், அதற்குப் புஷ்ஷிங் என்று பெயர். கடற்கரை ஊர்களில் முளையில் துரு பூத்துவிடும். துருப்பிடித்த உலோகத்தில் கம்பளி உரசினால் கத்தாமல் என்ன செய்யும்?

கட்டையைக் கழற்றும் முன் அதன் உடம்பில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 முதல் 88 வரை இருக்கும். எண் அழிந்திருந்தால் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்டை மற்றதன் இடத்தில் சரியாக உட்காராது. கட்டைகளுக்கு மேலே குறுக்காக ஒரு பட்டி இருந்தால் அதை எடுத்துவிட்டு, விப்பனை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தபடி கட்டையை நேராக மேலே எழுப்பி முன்னால் உருவுங்கள். கோணலாக இழுத்தால் துளை அகன்றுவிடும். சில சிறிய பியானோக்களில் சுத்தியல்கள் இருக்கும் முழு இயந்திரத் தொகுதியையும் வெளியே எடுக்காமல் கட்டை வராது. அப்படித் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ட்யூனரைக் கூப்பிடுங்கள்.

கட்டை வந்ததும் அடியில் பாருங்கள். எங்கள் பியானோவில் ஒரு ஹேர்பின், இரண்டு நாலணா, காணாமல்போய் வீட்டில் பெரிய சண்டையைக் கிளப்பிய ஒரு கம்மல் திருகாணி எல்லாம் கிடைத்தன. உரசல் சத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். தூசியை வேக்குவம் கிளீனரால் எடுங்கள், ஆனால் முளையைச் சுற்றியிருக்கும் ஃபெல்ட் வளையத்தைப் பிடித்துக்கொண்டு. அதன் அடியில் மெல்லிய காகித வளையங்கள் இருக்கும். கட்டையின் மட்டமும் இறங்கும் ஆழமும் அந்தக் காகிதங்களால்தான் அமைகின்றன. ஒன்று பறந்து குழாய்க்குள் போனாலும் அந்தக் கட்டை பக்கத்துக் கட்டையைவிடத் தாழ்ந்துவிடும்.

முளையைச் சுத்தம் செய்ய, ஃபெல்ட்டையும் காகிதத்தையும் அதே வரிசையில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் துளி பிராஸோ பாலிஷ் தொட்டு முளையைப் பிடித்துத் தேயுங்கள். பளபளப்பு வந்ததும் உலர்ந்த துணியால் இன்னொரு முறை. பிராஸோவின் பொடி கொஞ்சமும் மிஞ்சக் கூடாது. உப்புத்தாள் போட வேண்டாம். அது கீறும், கீறிய இடத்தில் அடுத்த துரு இன்னும் சீக்கிரம் வரும்.

அடுத்து முன்முளையின் கோணம். நீள்வட்ட முளை கட்டையின் நீளவாக்கில் நேராக இருக்க வேண்டும். கட்டை இடவலமாக ஆடுகிறது என்று யாரோ ஒருவர் ஒரு காலத்தில் அதைத் திருகி வைத்திருப்பார். ஆட்டம் அப்போதைக்கு நிற்கும், ஆனால் முளையின் விளிம்பு ஃபெல்ட்டை அரித்துக்கொண்டே இருக்கும். திரும்பியிருந்தால், முளையில் துணியைச் சுற்றிக் குறடால் மெல்ல நேராக்கலாம். அரித்துப்போன ஃபெல்ட்டை மாற்றுவதுதான் நிஜமான வைத்தியம், அது ட்யூனர் வேலை.

கட்டையைத் திரும்ப மாட்டியதும் ஒரு சின்னப் பரீட்சை: முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் அது தன் எடையிலேயே இறங்கி அமர வேண்டும். தொங்கிக்கொண்டு நின்றால் துளை இறுக்கம். விரலால் இடவலமாக அசைத்தால் இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்கு ஆட்டம் இருக்க வேண்டும். அறவே இல்லையென்றால் மழைக்காலத்தில் ஃபெல்ட் ஊதியிருக்கிறது. அதை நசுக்கித் தளர்த்தத் தனிக் குறடு உண்டு. அது இல்லாதவர்கள் சாதாரணக் குறடால் நசுக்கி மரத்தைப் பிளப்பதைப் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கீச் கேட்டால் புஷ்ஷிங் ஃபெல்ட்டில் கொஞ்சம் டெஃப்ளான் பவுடர். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கிறதே, அதே பொருள்தான், பொடியாகக் கிடைக்கும். சிறிய தூரிகையால் தொட்டுத் தடவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள்.

அழுத்தத் தொடங்கியதும் சத்தம், ஆனால் பின்னாலிருந்து

கேப்ஸ்டன். விப்பனின் அடியில் ஒட்டிய ஃபெல்ட்டில் இது வழுக்கிப் போக வேண்டும். பித்தளை கறுத்துப் போனாலோ, ஃபெல்ட்டில் குழி விழுந்து இறுகிவிட்டாலோ ஒரு வறண்ட முனகல் வரும். கிறீச் என்று கூர்மையாக இருக்காது, பழைய தோல் செருப்பு நடப்பது போல இருக்கும்.

கட்டையைக் கழற்றியதும் கேப்ஸ்டனின் உச்சியை மட்டும் பிராஸோ போட்டுப் பளபளப்பாக்குங்கள். ஒரு எச்சரிக்கை: அது ஒரு ஸ்க்ரூ. தேய்க்கும்போது கால் சுற்றுத் திரும்பினாலும் அந்தக் கட்டைக்கும் சுத்தியலுக்கும் இடையிலான இடைவெளி மாறிவிடும். ஒரு விரலால் அடியைப் பிடித்துக்கொண்டு தேயுங்கள். பிறகு உச்சியில் டெஃப்ளான் பவுடர். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

பாதி வழியில் சத்தம்

இங்கே வலது பெடல் நமக்கு உதவும். பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே கட்டையை மெதுவாக அழுத்துங்கள். சத்தம் காணாமல் போனால் டேம்பர் பக்கம்தான் கோளாறு. பெடல் எல்லா டேம்பரையும் ஏற்கனவே விலக்கிவிட்டதால் கரண்டிக்கு உரச ஒன்றும் இருக்காது. பெடல் அழுத்தியும் சத்தம் தொடர்ந்தால் டேம்பர் நிரபராதி.

இன்னொரு குறுக்கு வழி: வலது கோடியில் இருக்கும் ஏறக்குறைய இருபது கட்டைகளுக்கு டேம்பரே கிடையாது. அந்தக் கம்பிகள் குட்டையானவை, ஒலி தானாகவே சீக்கிரம் அடங்கிவிடும். அங்கே சத்தம் வந்தால் இந்தப் பகுதியையே தாண்டிவிடலாம்.

டேம்பர்தான் என்று தெரிந்தால் அதன் தலையை விரலால் கம்பியிலிருந்து விலக்கிப் பாருங்கள். அப்போதும் கத்தினால் டேம்பரின் அச்சாணி அல்லது ஸ்பிரிங். கத்தவில்லையென்றால் கரண்டி உரசும் ஃபெல்ட். இரண்டுமே சுத்தியல்களுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் தொகுதியை வெளியே எடுக்காமல் எட்டாது. தொகுதியை எடுப்பது மேலே இருக்கும் சில குமிழ்களைக் கழற்றி, பெடல் கம்புகளை விடுவித்து, முன்னால் சாய்த்துத் தூக்குவதுதான். கேட்க எளிது. தூக்கும்போது ஒரு டேம்பர் சிக்கினாலும், ஒரு கரண்டி வளைந்தாலும், ஒரு கிறீச்சுக்குப் போய் நாலு கோளாறு வாங்கி வருவீர்கள். நான் முதல் தடவை ட்யூனர் பக்கத்தில் நிற்கத்தான் எடுத்தேன். நீங்களும் அப்படிச் செய்வது நல்லது.

கடைசி இரண்டு மில்லிமீட்டரில் சத்தம்

கட்டை அடியைத் தொடப்போகும் நேரத்தில், விரலில் ஒரு சின்னத் தடை தெரியும் இடத்தில், கூர்மையாக ஒரு கிறீச். மெதுவாக வாசிக்கும்போதுதான் நன்றாகக் கேட்கும். வேகமாக வாசித்தால் கேட்காது. பிள்ளைகள் ஸ்கேல் வாசித்தால் தெரியாத கோளாறு, மென்மையான பாட்டுக்குப் போனதும் தெரிகிறது என்று பெற்றோர்கள் சொல்வது இதனால்தான்.

ஜாக் வழுக்கி வெளியேறும் இடம் இது. சுத்தியலின் அடியில் ஒரு மென்தோல் ஒட்டியிருக்கும். வருடக்கணக்காக ஜாக் உரசி உரசி அந்தத் தோல் கண்ணாடி போல இறுகிப் பளபளப்பாகிவிடும். சுத்தியலைக் கம்பிப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தால் தெரியும். மென்மையான பித்தளைத் தூரிகையால் தோலை ஒரே திசையில் இரண்டு மூன்று தடவை தடவி அதன் மேல்பரப்பை எழுப்பிவிட்டு, டெஃப்ளான் பவுடரை முகப்பூச்சுத் தூரிகையால் மெல்லப் பூசுங்கள். கட்டையை இருபது முறை அழுத்திவிட்டுக் கேளுங்கள்.

ஜாக்கின் தலையில் கறுப்பாக ஏதோ இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். அது கிராஃபைட், வழுக்குவதற்காகவே பூசியது. நண்பர் ஒருவர் தீபாவளிச் சுத்தம் என்று 88-ஐயும் துடைத்து வெள்ளையாக்கிவிட்டு, மறுநாள் முழுப் பியானோவும் கத்துகிறது என்று போன் செய்தார்.

விடும்போது மட்டும் சத்தம், அல்லது போகும்போதும் வரும்போதும்

சுத்தியலைத் தனியாக அசைத்தபோதே கத்தியதா? அதைப் பின்னுக்குத் தள்ள ஒரு மெல்லிய ஸ்பிரிங் உண்டு. அதன் நுனி ஒரு பள்ளத்தில் உரசுகிறது. மென்மையான 6பி பென்சிலின் முனையை அந்தப் பள்ளத்தில் ரெண்டு தடவை தேய்த்தால் கிராஃபைட் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் கிடைக்கும் பொருள்களில் பியானோவுக்குள் நான் மனமறிந்து அனுமதிக்கும் ஒன்று இந்தப் பென்சில்.

ஸ்பிரிங் இல்லையென்றால் அச்சாணி. சுத்தியல், விப்பன், ஜாக், டேம்பர் ஒவ்வொன்றும் 1.3 மில்லிமீட்டர் தடிமன் அளவே இருக்கும் குட்டி அச்சாணியில் சுழல்கிறது, அதைச் சுற்றிக் கம்பளித் துணி. ஒரு பியானோவில் இப்படி 300-க்கு மேல் இருக்கின்றன. இவற்றுக்கென்று ட்யூனர்கள் ஒரு திரவ மசகு வைத்திருப்பார்கள். நுண்ணிய ஊசியால் ஒரு சொட்டு, அச்சாணி நுழையும் பக்கவாட்டில். அது ஆவியாகி, கம்பளியில் வழுக்கும் தன்மையை மட்டும் விட்டுச்செல்லும். அந்தச் சொட்டைத் தவிர வேறெதையும் அங்கே விடக்கூடாது. தைக்கும் மிஷின் எண்ணெய் மெல்லியதுதானே என்று தோன்றும். கம்பளி அதை உறிஞ்சி ஊதும், தூசியைப் பிடித்துப் பிசினாகும், சுத்தியல் சோம்பேறியாகும். ஸ்பிரே அடித்தாலோ அது பறந்து போய், கம்பிகளை முறுக்கிப் பிடிக்கும் ட்யூனிங் முளைகள் இறங்கியிருக்கும் மரப்பலகையில் ஊறலாம். மரத்தின் பிடிப்பு போனால் சுருதி நிற்காது, அது சின்னச் செலவு இல்லை.

தேங்காய் எண்ணெயை ஏன் தனியாகத் திட்டுகிறேன் என்றால், அது 24 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். பியானோ இருக்கும் அறையில் ஏசியை எத்தனையில் வைப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கேரம் போர்டு பவுடரும் முகப்பவுடரும் வேண்டாம். ஈரக்காற்றில் கட்டிதட்டிக் கடைசியில் அதுவே உரசும்.

பெடலை மிதித்தால் கத்துகிறது

கட்டை சரியாக இருந்து பெடல் மட்டும் கத்தினால் பாதி நிம்மதி அடையலாம். கீழ்ப்பலகையைக் கழற்றிவிட்டு பெடலைக் கையால் அழுத்துங்கள். பெடலிலிருந்து மேலே போகும் மரக்கம்பை அதன் இடத்திலிருந்து நகர்த்திவிட்டு மறுபடி அழுத்துங்கள். இன்னும் சத்தம் இருந்தால் கோளாறு கீழேதான், இல்லையென்றால் மேலே டேம்பர்களைத் தூக்கும் நீளக் கம்பியில்.

கீழே என்றால் ஸ்பிரிங்கின் நுனி மரத்தில் உரசும் இடம், பெடல் சுழலும் அச்சு, மரக்கம்பின் இரு முனைகள், இந்த மூன்றையும் பாருங்கள். மரத்தில் உரசும் இடங்களுக்கு மெழுகுவத்தித் துண்டு. ஸ்பிரிங் நுனிக்கு மிளகளவு வாசலின், இங்கே கம்பளி பக்கத்தில் இல்லாததால் பயமில்லை. கம்பின் முனையில் ரப்பரோ தோலோ கிழிந்திருந்தால் பழைய பெல்ட்டிலிருந்து ஒரு வட்டம் வெட்டி வையுங்கள். ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். அரை மணி வேலை.

ஒன்றல்ல, பல கட்டைகள்

அக்டோபர் கடைசியில் மழை பிடித்ததும் வரிசையாகப் பத்துப் பதினைந்து கட்டைகள் உரச ஆரம்பித்தால் தனித்தனியாகக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் கட்டைகளின் முன்னால் நீளமாகப் படுத்திருக்கும் மரப்பட்டியைப் பாருங்கள். ஈரத்தில் வளைந்து கட்டைகளின் முகத்தில் உரசும். கட்டை இறங்கும்போதும் ஏறும்போதும் சரக் சரக் என்று கேட்கும். பட்டியை ஸ்க்ரூ கழற்றி எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். சத்தம் போனால், திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் அட்டைத் துண்டு ஒன்றைச் சொருகினால் பட்டி முன்னால் தள்ளி நிற்கும். நான் பயன்படுத்தியது ஒரு கல்யாணப் பத்திரிகை. தடிமன் அளவெடுத்தாற்போல இருந்தது, நாலு வருடமாக அங்கேயே இருக்கிறது.

பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்றும் பாருங்கள். பழைய பியானோக்களில் கட்டையின் பக்கவாட்டில் பதித்த ஈயக்கட்டிகள் அரிக்கப்பட்டு, வெள்ளை பூத்து ஊதிப் பக்கத்துக் கட்டையை உரசும். அதைத் தேய்க்காதீர்கள், ஊதாதீர்கள், ஈயத்தூள் நல்லதல்ல. கையைக் கழுவிவிட்டு ட்யூனரிடம் சொல்லுங்கள்.

எலி இன்னொரு காரணம். ஃபெல்ட்டைக் கடித்துக் கூடு கட்டும், அதன் சிறுநீர் முளைகளை அரித்துவிடும். கட்டைகளுக்கு அடியில் புழுக்கையோ கம்பளித் துணுக்கோ இருந்தால் எண்ணெய், பவுடர் பேச்செல்லாம் அப்புறம்.

ஈரத்தைப் பொறுத்தவரை, காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் பியானோ சந்தோஷமாக இருக்கும். சென்னையில் 70-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். அதைவிடக் கெடுதல், மாலையில் மூணு மணி நேரம் ஏசி, பிறகு ஜன்னலைத் திறந்து கடல் காற்று என்ற ஊசலாட்டம். ஈரமானியை வாங்கி பியானோ மேல் வைத்து ஒரு மாதம் பாருங்கள், பல கிறீச்சுகளுக்கு விடை அதிலேயே தெரியும். உள்ளே குறைந்த வாட் பல்பு எரியவிடும் பழைய பழக்கம் எனக்குப் பிடிக்காது. காய்ந்த மரமும் கம்பளித் தூசியும் நடுவே சூடான பல்பா? அதற்கென்றே செய்த சூடேற்றும் தண்டு, ஈரத்தைப் பார்த்துத் தானாக நின்று எரியும் கருவியோடு கிடைக்கிறது. அதை ட்யூனரே பொருத்தட்டும்.

கிறீச் இல்லை, டக்

டக், டொக் என்று வந்தால் அது உரசல் இல்லை, தளர்ச்சி. பெரும்பாலும் கோடையில் மரம் சுருங்கி, உறுப்புகளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். மெல்ல இறுக்கினால் போதும். ஸ்வரத்தோடு சேர்ந்து ஙொய் என்று அதிர்ந்தால் கட்டையை விட்டுவிட்டு அறையில் இருக்கும் கண்ணாடி அலமாரியைச் சந்தேகப்படுங்கள்.

தொடாமல் இருக்க வேண்டியவை

கிராண்ட் பியானோவின் தொகுதி முன்னால் இழுப்பறை போல வரும். இழுக்கும்போது தவறி ஒரு கட்டை அழுந்தினாலும் அந்தச் சுத்தியல் எழுந்து மேல் மரத்தில் மோதி முறியும். பிரிட்டிஷ் காலத்து நிமிர்ந்த பியானோக்கள் சிலவற்றில் சுத்தியல்களுக்கு முன்னால் பறவைக்கூண்டு போல வரிசையாகக் கம்பிகள் இருக்கும், டேம்பர்கள் சுத்தியல்களுக்கு மேலே. அதில் ஒரு உறுப்பை எட்ட இன்னொன்றை வளைக்க நேரும். இரண்டையும் நான் தொடுவதில்லை.

டிஜிட்டல் பியானோ என்றால் கதை வேறு. அங்கே கம்பளி முளையெல்லாம் அதிகம் இல்லை. பிளாஸ்டிக் வழிகாட்டிகளில் தடவியிருந்த கிரீஸ் காய்ந்திருக்கும். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள். அது முடிந்திருந்தாலும் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் மட்டுமே, அதுவும் நூலளவு.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி. முதல் கட்டையைக் கொஞ்சம் வெளியே எடுத்து அதன் பக்கவாட்டைப் பாருங்கள். பழைய ட்யூனர்கள் பென்சிலால் தேதியும் பெயரும் எழுதியிருக்கலாம். எங்கள் பியானோவில் நாலு கையெழுத்துகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே நீங்களும் எந்தக் கட்டையில் என்ன பூசினீர்கள், எந்த மாதம் என்று எழுதிவையுங்கள். என் கையெழுத்தில் அங்கே முதல் வரி, “39, 40, 41: எண்ணெய் விட்டது நான்தான்.”